கெட்டிமேளம் கேட்காத தூரம்

கண்ணாடியோரமா உக்காருன்னாரு, உக்காந்தேன். பெல்ட்டப் போட்டுக்கன்னாரு, போட்டுக்கிட்டேன். ஏசி வேணுமான்னு கேட்டதுக்கு வேணும்னு சொன்னனா வேண்டாம்னு சொன்னனா, இப்ப நெனவில்ல. காத்து மூஞ்சிக்கு நேரா வந்துக்கிட்டு இருக்குது, குளிருதான்னு கேட்டா அதுவும் தெரியல. வெளிய வயலு ஓடுது, படிப்படியா வெட்டி வெச்ச வயலு, அதுக்கு நடுவால தென்னை. இந்த மனுசன் வந்ததுல இருந்து தென்னையத் தவிர வேற எதையும் பாக்கல. "காய் சின்னது மணி, நார்தான் எச்சா இருக்கும், பருப்பு தேறாது"ன்னு முன்சீட்ல இருந்து திரும்பித் திரும்பிச் சொல்லிக்கிட்டு வராரு. காங்கேயத்துல தேங்காய்க் களம் வெச்சுப் பருப்பு ஒணத்துற ஆளு, கடல் தாண்டிப் பாலித் தீவுக்கு வந்தாலும் காயத்தான் பாப்பாரு. அவரு பேரச் சொல்ல எனக்கு வாய் வராது, மனசுக்குள்ள சொல்லிக்கலாம், சென்னியப்பன். எம்பேரு வசந்தாமணி, அதுல பாதிய வெட்டி மணின்னு கூப்புடுவாரு. டிரைவர் பேரு வாயன். "வாயன்னு பேரு வெச்சுக்கிட்டு வாயே தொறக்க மாட்டீங்குறானே"ன்னு வந்தன்னைக்கே இவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், சிரிக்கோணும்னு தோணுச்சு, சிரிச்சேன். இங்க வாசலுக்கு வாசல் மூங்கில் நட்டு வெச்சிருக்கறாங்க, அது வளைஞ்சு ரோட்டுப் பக்கம் தொங்குது, நெட்டுக்கும் குருத்தோலைப் பின்னல். நம்மூர்ல வாசல்ல குருத்தோலை கட்டுனா ஒண்ணு நோம்பி, இல்லீன்னா கல்யாணம். இங்க எல்லா ஊடும் கல்யாண ஊடாட்டமே நிக்குது. மொதல் ஊட்டப் பாத்தப்ப நெஞ்சுல சுருக்குன்னுச்சு, ரெண்டாவது ஊட்டுக்கும் சுருக்குன்னுச்சு, அப்பறம் ஊடு ஊடா வரவர அதுவும் நின்னு போச்சு. இப்பப் பாத்துக்கிட்டே வாரேன், ஒண்ணும் பண்ண மாட்டீங்குது. இன்னைக்கு எம்பொண்ணு சிந்துவுக்குக் கல்யாணம், கோயமுத்தூர்ல.

ஊர்ல இருந்தா ஒரு பேச்சு, போனா ஒரு பேச்சு, அப்படின்னாரு நாச்சிமுத்து மச்சாண்டார். இவரோட பெரியப்பா பையன், பங்காளிகள்ல மூத்தவரு, கோயில் காரியம் எல்லாம் அவரு சொல்றதுதான். எங்கூட்டு சோபாவுல உக்காந்து நான் குடுத்த காப்பியக் குடிச்சுக்கிட்டே சொன்னாரு. "பொண்ணு வேற ஆளுகளப் போய்க் கட்டுது, அதத் தடுக்க நம்மால முடியல, செரி போகட்டும். நீங்க கல்யாணத்துக்குப் போயி நின்னீங்கன்னா அப்பறம் நாங்க யாரும் இந்தப் படி ஏற முடியாது. உங்க பையன் தரணிக்குத் தாராபுரத்துல சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கறமே, அவங்களும் அதத்தான் கேக்கறாங்க, பொண்ணு கல்யாணத்துக்குப் போவாங்களான்னு. ஊர்லயே இருந்துக்கிட்டுப் போகாம இருந்தாலும், ராத்திரியோட ராத்திரியாப் போயிட்டு வந்திருப்பாங்கன்னு நாலு பேரு பேசுவான். பேசாம எங்கியாச்சு டூர் போயிட்டு வாங்க. போட்டோவ மட்டும் நம்ம பங்காளிக குரூப்புல போட்டுக்கிட்டே இருங்க, அது போதும்." அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள இவரு தலையாட்டிட்டாரு. என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் நான் என்னத்தச் சொல்லியிருப்பேன், காப்பிக்குச் சக்கரை போதுமான்னுதான் கேட்டிருப்பேன். தரணிகிட்டப் போன்ல கேட்டா, "அம்மா, எதைச் செஞ்சாலும் எம்பேரைச் சொல்லிச் செய்யாதீங்க"ன்னு வெச்சுட்டான். அண்ணன் கல்யாணத்துக்காகத் தங்கச்சி கல்யாணத்த விடறதுன்னு எல்லாரும் பழிய அவன் பேருல எழுதியாச்சு, அவன் கம்முனு பெங்களூர்ல உக்காந்துக்கிட்டான். அப்படி வந்ததுதான் இந்தப் பாலி. எறங்கறதுக்கு முந்தி பிளேன்ல என்னமோ நேரத்தைப் பத்தி மைக்குல சொன்னாங்க. இவரு கையில கட்டியிருக்கறது எங்கப்பா எங்க கல்யாணத்துக்குப் போட்ட வாட்சு, சாவி குடுக்கறது. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் வாட்சைத் திருகிக்கிட்டு இருந்தாங்க. "நீங்களும் மாத்தோணுமாங்க"ன்னேன். "அட கம்முனு இரு, திரும்பிப் போற ஆளுகளுக்கு எதுக்கு"ன்னாரு. எனக்கு அது என்ன பேச்சுன்னே மண்டையில ஏறல, ஏறோணும்னும் தோணல. அன்னைல இருந்து போட்டோதான். அருவிக்கு முன்னால ஒண்ணு, குரங்குக்கு முன்னால ஒண்ணு, எரிமலை தெரியற ஓட்டல்ல சாப்பாட்டுத் தட்டோட ஒண்ணு. எங்க போனாலும் போனை வாயன் கையில குடுத்துருவாரு, "டேக், டேக்"ம்பாரு, அந்தாளு எடுப்பான். "சிரி மணி"ம்பாரு. சிரிப்பேன். குரூப்புல கட்டைவிரலாட்டம் ஒண்ணொண்ணா வந்து உழுகும். "செம லொகேசன் மாமா"ன்னு ஒருத்தன் போடுவான். கல்யாணத்தப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்தை போடல, நாங்க ரெண்டு பேரும் ஆசைப்பட்டுச் சுத்திப் பாக்க வந்தவங்களாட்டமே எல்லாரும் பேசுவாங்க. எனக்கே சில நேரம் அப்படித்தான் போலன்னு ஆயிருது.

பசிக்கல. அதுதான் எனக்குப் புரிய மாட்டீங்குது. வெசனம் இருந்தாப் பசிக்காதும்பாங்க, ஆனா வெசனமே தெரியலியே, அப்பறம் எதுக்குப் பசிக்காம இருக்குது. காத்தால ஓட்டல்ல தட்டுல என்னென்னமோ வெச்சிருந்தாங்க, பப்பாளி வாயில போட்டேன், ஈரமா இருந்துச்சு, அவ்வளவுதான். "நம்மூர்ல இன்னும் பால்காரனே வந்திருக்க மாட்டான்"னு இவரு என்னமோ தனக்குத்தானே சொல்லிக்கிட்டு காப்பியக் கலக்குனாரு. இந்த மனுசனுக்குப் பாலும் காயும் களமும்தான், இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமோ தெரியாதோ. பத்திரிகையில ஒன்பதரைக்கு மேல பத்தரைக்குள்ளன்னு போட்டிருந்துச்சு. பத்திரிகை எங்களுக்குக் குடுக்கல, சிந்து போன்ல அனுப்புனா, கீழ எங்க பேரையும் போட்டிருந்தா, பெற்றோர்னு. பையன் பேரு விமல், ஒருவாட்டி ஊட்டுக்கு வந்தான், வாசல்ல செருப்ப ஜோடியா நேரா வெச்சுட்டு வந்தான், அது மட்டும் நெனவிருக்குது. போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் அவ தனியா வந்தா. அடுப்படியில எனக்குப் பின்னால நின்னுக்கிட்டா. முன்னால அறையில இவரு நூஸ் பாத்துக்கிட்டு இருந்தாரு, சத்தம் ஊடு கொள்ளாம வெச்சுக்கிட்டு. அவ வந்தா அப்படித்தான் வெப்பாரு. நான் தோசைக்கல்லத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன், திரும்பல, திரும்பினா மூஞ்சியப் பாக்கோணும். "அம்மா, நீங்க வர வேண்டாம். வந்தா அப்பாவால அப்பறம் ஊர்ல இருக்க முடியாது, எனக்குத் தெரியும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கெட்டிமேளம் கொட்டுற நேரத்துக்கு, எங்க இருந்தாலும் செரி, ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னுருங்க. உக்காந்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்க." அவ்வளவுதான் கேட்டா. மண்டபத்துல தாலி ஏறுறப்ப அத்தனை பேரும் எந்திரிப்பாங்க, பந்திக்கு எடம் புடிச்சவன் கூட எந்திரிப்பான், யாரோ எவரோ கல்யாணத்துக்குக் கூட நாங்க எந்திரிச்சு நின்னு அரிசி போட்டிருக்கறோம். எம்பொண்ணுக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்குது. செரின்னு சொன்னேன். சொன்னனா. கல்லத் தேய்ச்சுக்கிட்டே தலைய ஆட்டுனேன், அவ அதப் பாத்தாளான்னு தெரியல. இவருகிட்ட நான் சொல்லவே இல்ல. எப்படிச் சொல்றது. ஏனுங்க, பாலியில போயி ஒரு நேரத்துக்கு எந்திரிச்சு நில்லுங்கன்னா, கம்முனு இருன்னு சொல்லுவாரு. அதனால நான் மட்டும் நின்னுக்கலாம்னு இருக்கறேன். ரெண்டு பேருன்னு சொன்னா, பாதியாச்சு நடக்கட்டும். போன எடுத்து நேரம் பாத்தேன், ஒன்பது தாண்டியிருச்சு. தரணி வாங்கிக் குடுத்த போன், எங்க போனாலும் அதுபாட்டுக்குச் செரியான நேரம் காட்டும்னு சொல்லியிருக்கறான். இந்நேரம் கையில மருதாணி காஞ்சு, தலையில பூ வெச்சு, எந்தச் சேலையோ, நான் எடுக்காத சேலை.

கோயிலு கடலுக்குள்ள ஒரு பாறை மேல நிக்குது. அலை உள்வாங்கியிருக்கற நேரம், கணுக்கால் தண்ணியில நடந்தே பாறைக்குப் போகலாம்னு வாயன் கையக் காட்டுனான். மேல ஏற உட மாட்டாங்க, அடிவாரத்துல ஒரு சுனை, வெள்ளை வேட்டி கட்டுன பூசாரிங்க தண்ணி தெளிச்சு அனுப்பறாங்க. கடலுக்கு நடுவால நல்ல தண்ணின்னு இவரு அதிசயப்பட்டாரு. நானும் "ஆமாங்க"ன்னேன். வழியெல்லாம் ஓலையில மடிச்ச சின்னக் கிண்ணம், உள்ள பூவும் ஊதுபத்தியும், தரையில சாமிக்கு வெச்சது, மிதிச்சுரக் கூடாதேன்னு பாத்துப் பாத்து நடந்து கடைசியில ஒண்ண மிதிச்சுட்டேன். எடுத்து ஓரமா வெச்சேன். செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கறோம், முன்னால இவரு, பின்னால நான், எனக்குப் பின்னால யாரோ வெள்ளைக்காரங்க சிரிச்சுக்கிட்டு. தண்ணி காலச் சுத்திப் போகுது வருது, ஜில்லுன்னு இருக்கோணும், இருக்குமாயிருக்கும். போனப் பாத்தேன். பத்தாகப் போகுது. ஒன்பதரைக்கு மேல பத்தரைக்குள்ள. இதுதான் நேரம். இந்த நேரந்தான். அப்பத்தான் எனக்கு அது ஒறைச்சுது, அவ எந்திரிச்சு நிக்கச் சொன்னா, நான் ஏற்கனவே நின்னுக்கிட்டுத்தான் இருக்கறேன். நிக்கறவ எப்படி எந்திரிக்கறது. காத்தாலருந்து வேன்ல உக்காந்தே வந்தேன், அப்பெல்லாம் நேரமாகல, இப்ப நேரமாச்சு, உக்கார எடமில்ல. ஒரு வாட்டி உக்காந்து எந்திரிச்சாத்தான் கணக்காகுமோ. கடல் தண்ணியில பொத்துன்னு உக்காந்தா இவரு என்ன சொல்லுவாரு, வெள்ளைக்காரன் போட்டோ எடுப்பான். உக்காந்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்கன்னுதான சொன்னா, நான் உக்காரல, அப்ப செரிதான். ஆனா சாமிக்கு வரிசையில நிக்கறதும் எம்பொண்ணுக்காக நிக்கறதும் ஒண்ணாகுமா. காலு அதே காலு. கடைசியில ஒருத்தருக்கும் தெரியாம முழங்காலச் சித்த மடக்கி, நிமுந்தேன். சேலை நுனி நனைஞ்சுது. அதுதான் நான் எம்பொண்ணு கல்யாணத்துக்கு எந்திரிச்சு நின்னது. முன்னால இவரு கழுத்தத் திருப்பி, "கரையோரத்து மரத்துக்கு உப்புக்காத்து நல்லாத்தான் ஒத்துக்கும், இல்ல மணி"ங்கறாரு. அவரு பொடணிய ஒரு தள்ளுத் தள்ளோணும்னு வந்துச்சு, வந்த வேகத்துலயே போயிருச்சு. எங்க மொறை வந்துச்சு. பூசாரி கையில தண்ணி ஊத்துனாரு, மூஞ்சியக் கழுவிக்கிட்டோம். காதுல ஒரு வெள்ளைப் பூவச் செருகுனாரு. அப்பறம் ஈர அரிசிய எடுத்து இவரு நெத்தியில ஒட்டுனாரு, எம்பட நெத்தியிலயும் ஒட்டி, தொண்டைக்குழியிலயும் கொஞ்சம் வெச்சு அமுக்குனாரு. அரிசி. எங்கிருந்தோ வந்து அரிசி. எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு எந்தப் பக்கமாச்சும் போட்டிருக்கலாம், தோணல, பின்னால இருந்தவங்க நகருங்கன்னாங்க, நகுந்துட்டேன். போன் பத்தரையத் தாண்டுனப்ப கரைக்கு வந்திருந்தோம். ஆச்சு. ஏறியிருக்கும். எம்பொண்ணு இனி அவங்கூட்டுப் பொண்ணு.

மேட்டுக்கு ஏறுறதுக்குப் படி இருக்குது, ரெண்டு பக்கமும் கடை, பாசிமணி, மடிப்பு மடிப்பாத் துணி, மரத்துல செதுக்குன பூனை, இவரு கடை கடையா நின்னு வெலை கேட்டுக்கிட்டே வந்தாரு. ஏறிக்கிட்டே நெத்தியத் தேய்ச்சேன், அரிசி காஞ்சு இழுத்துப் புடிச்சாப்பல இருந்துச்சு, ஒண்ணு ரெண்டு உழுந்துச்சு, மீதியயும் வழிச்சு உட்டேன். என்னமோ பெருசா வரும்னு இருந்தேன். அந்த நேரம் தாண்டுனா நெஞ்சு அடைக்கும், காலு நிக்காது, இவரு தாங்கிப் புடிப்பாரு, அப்படி எல்லாம் நெனச்சு வெச்சிருந்தேன். எங்கம்மா செத்தப்பவும் இப்படித்தான் ஒரு நாள் பூராக் கல்லாட்டம் இருந்து அடுத்த நாள் துணி தொவைக்கறப்பத் தொறந்துக்கிச்சு. இது சாவில்ல, கல்யாணம். கல்யாணத்துக்கு எதுக்கு நெஞ்சடைக்கோணும். மாலை மாத்தியிருப்பாங்க. தாய்மாமன் செய்யற சீரை யாரு செஞ்சிருப்பாங்க, எந்தம்பிதான் செய்யோணும், அவனும் போகல, அவனும் மச்சாண்டாருக்குத் தலையாட்டுனவன்தான். அவ கூட வேலை செய்யற பையன் எவனாச்சும் நின்னிருப்பான். தாரை வார்த்துக் குடுக்கறப்ப எங்க எடத்துல யாரு நின்னிருப்பாங்க. காலியா உட்டிருப்பாளா. காலியா உட்டாலும் உட்டிருப்பா, புடிவாதக்காரி, சின்னதுல பள்ளிக்கூட விழாவுக்கு நாங்க போகலைன்னா ரெண்டு நாற்காலியில கைக்குட்டை போட்டு வெச்சிருப்பா, வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு. இதையெல்லாம் நெனைக்கறேன், நெனைக்கறேனே ஒழிய ஒண்ணும் வலிக்க மாட்டீங்குது, பல்லு புடுங்கறதுக்கு ஊசி போட்ட கன்னமாட்டம், கை வெச்சா எங்கன்னம்னு தெரியுது, அவ்வளவுதான். மேட்டு மேல கடலைப் பாத்தாப்பல எளநிக் கடை, கல்லு பாவுன தரை, பிளாஸ்டிக் நாற்காலி. உக்காருன்னாரு, உக்காந்தேன். எளநிய வெட்டிக் குழாய் போட்டுக் குடுத்தாங்க. இவரு வெட்டுன வாய்க்குள்ள எட்டிப் பாத்து வழுக்கைய ஆராய்ஞ்சாரு. "பசிக்குதா"ன்னாரு. "இல்லீங்க"ன்னேன். கடல் பளபளன்னு கண்ணக் கூசுது. வெயில் உச்சிக்கு வந்தாச்சு. இவரு எதிர்ல உக்காந்து தென்னை, சரக்கு, கப்பல் வாடகைன்னு பேசிக்கிட்டே இருக்கறாரு, இந்த மனுசனுக்கு ஒண்ணுமே இல்லையா, பெத்தவன்தான, ஒரு நேரமாச்சும் வாய் நிக்காதா. காயப் பத்தியே பேசிப் பேசி எம்பட வயித்த நெரப்பறாரு. இனி இவரோட காலம் பூராவும் இப்படித்தான், எதிர் எதிர்ல உக்காந்து, அவரு பேசுவாரு, நான் ஆமாங்கம்பேன். சாயங்காலம் இன்னொரு எடம் போகோணும், சூரியன் மறையறதப் பாக்கறதுக்கு, அங்கயும் போட்டோ.

நடுப் பேச்சுல இவரு வாய் நின்னு போச்சு. எனக்கு ஒடனே தெரியல, ஏசி நின்னா கொஞ்சம் நேரங்கழிச்சுத் தெரியுமே, அப்படித் தெரிஞ்சுது. நிமுந்து பாத்தேன். இடது கைய மடக்கி வாட்சைப் பாத்துக்கிட்டு இருக்கறாரு. பாத்துக்கிட்டே இருக்கறாரு. நின்னு போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன், சாவி குடுக்க மறந்துட்டாரு போல. எளநிய மேசை மேல வெச்சாரு. குனிஞ்சு செருப்பக் கழட்டுனாரு, ரெண்டையும் நாற்காலிக்கு அடியில தள்ளுனாரு. வேட்டி கட்டற ஆளு, இங்க வந்ததுல இருந்து பேண்டு, பேண்ட இழுத்து மேல உட்டுக்கிட்டாரு, சட்டைய நீவிக்கிட்டாரு. அப்பறம் எந்திரிச்சு நின்னாரு. "எந்திரி மணி"ன்னாரு. "ஏனுங்க"ன்னேன். "எந்திரி. நேரமாச்சு." எந்த நேரம், வேனுக்கா, வாயன் பக்கத்துலயே நிக்கறானே. "எந்த நேரமுங்க." இவரு என்னப் பாக்கல, கடலப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "கெட்டிமேளம் கொட்டற நேரம்." "அது அப்பவே ஆயிருச்சுங்களே, நாம வரிசையில நிக்கறப்பவே"ன்னேன். என் கொரலு எங்கியோ தள்ளிக் கேட்டுது. "ஆகல. இங்கத்த நேரம் நமக்கு ரெண்டரை மணி முன்னால ஓடுது. நம்மூர்ல இப்பத்தான் பத்தாகப் போகுது"ன்னு கைய நீட்டுனாரு. எங்கப்பா போட்ட வாட்சு. முள்ளு ரெண்டும் பத்துக்குப் பக்கத்துல, பொடி முள்ளு ஓடிக்கிட்டு இருக்குது. பிளேன்ல எல்லாரும் திருகுனப்ப இவரு திருகாம வெச்சுக்கிட்டது. காத்தால பால்காரன் வரலைன்னது. ஒவ்வொரு நாளும் இந்தத் தீவுல அருவியும் குரங்கும் பாத்துக்கிட்டு, கையில மட்டும் நம்மூர்லயே இருந்திருக்கறாரு. ஆகல. இன்னும் ஆகல. நான் முடிஞ்சுதுன்னு நெனச்சு அரிசிய வழிச்சுப் போட்டு இவ்வளவு தூரம் ஏறி வந்தாச்சு, அங்க அவ இன்னும் மணையில உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கறா. "உங்களுக்கு யாரு சொன்னா"ன்னேன். "உக்காந்துக்கிட்டு இருக்காதீங்கன்னு புள்ள சொல்லுச்சில்ல"ன்னாரு. அத்தனை சத்தமா டிவி வெச்சுக்கிட்டு அதைக் கேட்டிருக்கறாரு. கேட்டுட்டு இத்தனை நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நானும் சொல்லல. நான் எந்திரிச்சேன். நாற்காலி பின்னால சாஞ்சு உழுந்துச்சு, எடுக்கல. செருப்ப உட்டேன். இப்ப நிஜமாவே உக்காந்திருந்து எந்திரிச்சேன், யாரும் தப்புச் சொல்ல முடியாது.

தன் நெத்திய அவரு தொட்டுப் பாத்தாரு, பூசாரி வெச்ச அரிசி அப்படியே இருந்துச்சு, காஞ்சு ஒட்டி. அத்தன நேரம் வேர்வையிலயும் தொடைக்காம வெச்சிருந்திருக்கறாரு. நெகத்தால பேத்து உள்ளங்கையில எடுத்தாரு, நாலஞ்சு மணி தேறும், அதுல பாதிய எங்கையில போட்டாரு. "உன்னோடது எங்க"ன்னு கேக்கல. "வாயன், இண்டியா, எந்தப் பக்கம்"னாரு. அந்தாளுக்குப் புரிஞ்சுது. கடலுக்கு நேரா, கொஞ்சம் வலப்பக்கமாக் கைய நீட்டுனான், தண்ணியத் தவிர அங்க ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் திரும்பி நின்னோம். மேளம் இல்ல, பக்கத்து மேசையில யாரோ கரண்டியத் தட்டுற சத்தம், கீழ அலை. எப்பப் போடறதுன்னு எனக்குத் தெரியல, அவரு வாட்சையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அதுலயும் கெட்டிமேளம் எந்த நிமிசம்னு எழுதியா இருக்கும். கொஞ்ச நேரம் போச்சு. "போடு"ன்னாரு. போட்டோம். காத்து எதுத்தாப்பல அடிச்சுது, ஒண்ணு ரெண்டு எங்க மேலயே திரும்பி உழுந்துச்சு. "நல்லா இருங்க சாமி, ரெண்டு பேரும்"னாரு, பக்கத்துல யாருகிட்டயோ சொல்றாப்பல மெதுவா. கையத் தூக்குனது தூக்குனபடி வெச்சுக்கிட்டு நின்னேன், எறக்கோணும்னு தெரியல, அவரு புடிச்சு எறக்கி உட்டாரு. இப்படி நின்னா போட்டோ எடுக்கோணும்னு பழக்கி வெச்சிருக்கறோமே, வாயன் எடுத்திருக்கறான். போனக் கொண்டாந்து நீட்டுனான். "வெயில்ல தெரியல, நீ பாரு"ன்னு எங்கையில குடுத்துட்டாரு. பாத்தேன். ரெண்டு பேரு வெறுங்காலோட, காதுல பூவோட, கடலுக்கு நேரா வலது கையத் தூக்கிக்கிட்டு நிக்கறோம், நான் சிரிக்கல, அவரு சிரிக்கல. எங்காளுக எவன் பாத்தாலும் இது என்னன்னு வெளக்கம் சொல்ல வேண்டியதில்ல, பொறந்ததுல இருந்து பாத்த நிலைதான். "சிந்துக்கு அனுப்பிரு"ன்னாரு. அவ பேரைத் தேடி அனுப்புனேன். அதுக்கு மேலாப்பல குரூப்பு நின்னுக்கிட்டு இருந்துச்சு. நாச்சிமுத்து மச்சாண்டார் அதுல போட்டிருந்தாரு, "சென்னியப்பா, இன்னிக்கு போட்டோ ஒண்ணும் காணோமே"ன்னு. அது கீழ கட்டைவிரலாட்டம் நாலஞ்சு. இந்த நேரத்துக்குத்தான் கேக்கறாரு, வேணும்னுதான் கேக்கறாரு. எம்பட வெரலு அது மேலயே நின்னுச்சு. தாராபுரம் அந்தாண்ட போயிரும். கோயில்ல எங்க பேரைக் கூப்புடாம அடுத்த பேருக்குப் போயிருவாங்க. தரணி, எம்பேரைச் சொல்லாதீங்கன்னான், செரி, உம்பேரைச் சொல்லல கண்ணு. அதுக்கு மேல நெனப்பு போக மாட்டேன்னு அங்கயே நின்னுக்கிச்சு. அமுக்கிட்டேன். போட்டோ சுத்துச்சு, போயி உழுந்துச்சு. கட்டைவிரல் ஒண்ணும் வரல. "குரூப்புலயும் போட்டுட்டனுங்க"ன்னேன். கடலைப் பாத்தாரு, வாட்சைப் பாத்தாரு, உழுந்து கெடந்த நாற்காலிய எடுத்து நேரா வெச்சாரு. வெச்சுட்டு அது மேலயே ரெண்டு கையயும் ஊனி நின்னாரு. வைவாருன்னு நின்னேன். "செருப்பப் போடு மணி, கல்லு சுடுது"ன்னாரு. அவரு சொன்னதுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது, பாதம் ரெண்டும் கொப்புளிக்கறாப்பல சுட்டுக்கிட்டு இருக்குது, எப்பருந்தோ. குனிஞ்சு செருப்பத் தேடுனேன், கண்ணு மறைச்சுது, அவரே காலால தள்ளி உட்டாரு. இந்நேரம் அங்க பந்தி போட்டிருப்பாங்க.

"ஏனுங்க, பசிக்குது"ன்னேன்.